வீங்கிய கைக்கு ஒரு மெல்லிய கை

(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்து வடிவம்)



குடும்ப நலக் கூட்டம் என்றால் குழந்தை, தடுப்பூசி, சத்துணவு என்றுதான் பேசுவோம். அதற்காகவே வந்திருப்பீர்கள். இன்று வேறு ஒன்றைப் பேசப் போகிறேன். கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது. மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, ஆபரேஷன் முடிந்து, உயிர் பிழைத்து வீட்டுக்கு வந்த ஒரு பெண்ணின் கையைப் பற்றியது.

"மார்பில் கட்டி, அதற்குக் கையை ஏன் பார்க்க வேணும்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. முதலில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம்.

ஒரு வீட்டில் நடந்தது

அந்தம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். வலது மார்பில் கட்டி. நேரத்தோடு கண்டுபிடித்து, ஆபரேஷனும் கதிர் சிகிச்சையும் முடிந்து திரும்பினார். எட்டு மாதம் கழித்து வலது கையில் வளையல் இறுகியது. பிறகு ரவிக்கைக் கை பிடித்தது. பிறகு கை முழுதும் கனத்துப் போனது. "கையில ஈரச் சாக்கைக் கட்டித் தொங்க விட்ட மாதிரி இருக்குங்க" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. வாயு என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் ஒருவர். யானைக்கால் கொசு கடித்தது என்றார் இன்னொருவர். மாமியார் நல்ல எண்ணத்தில்தான் சுளுக்கு எடுக்கிறவரை அழைத்து வந்தார். அவர் சூடான எண்ணெயைப் பூசி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். மேலே வெந்நீர் ஒத்தடம் வேறு. மூன்றாம் நாள் இரவு குளிர் காய்ச்சல். கை சிவந்து கொதித்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது.

அதற்குப் பிறகு இயன்முறை மருத்துவர், அதாவது பிஸியோதெரபிஸ்ட், அந்தக் கணவரையும் கூட உட்கார வைத்து நிணநீர் நீவுதல் சொல்லிக் கொடுத்தார். "என் கை மண்வெட்டி பிடிச்சுக் காய்ப்புக் காய்ச்ச கை. இதை வச்சு எப்படிங்க மெல்லத் தொடுறது?" என்று அவர் கேட்டாராம். "மூடின கண்ணிமையைத் தொடுகிற அளவுக்குத்தான் ஐயா அழுத்தம்" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில்தான் இன்றையப் பேச்சு முழுதும் இருக்கிறது.

கை ஏன் வீங்குகிறது?

வயலுக்குத் தண்ணீர் கொண்டுவர வாய்க்கால் உண்டு. மிச்சத் தண்ணீர் வெளியேற வடிகால் உண்டு. வடிகால் அடைத்தால் என்ன ஆகும்? பயிர் நீரில் நின்று அழுகும். உடம்பிலும் இதே ஏற்பாடுதான். இரத்தக் குழாய் வாய்க்கால். அதிலிருந்து கசிந்து சதையிடுக்கில் நிற்கும் நீரை வடித்துத் திரும்ப இரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 3 லிட்டர் நீர் இந்த வழியில் வடிகிறது.

இந்த வடிகாலுக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய் தானே சுருங்கி விரிவதும், தசை அசைவதும், நாம் இழுத்து விடும் மூச்சும்தான் அந்த நீரைத் தள்ளுகின்றன. வழியில் சல்லடை போல முடிச்சுகள் இருக்கின்றன. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டியிருக்கு" என்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர் முடிச்சு. உடம்பு முழுதும் சுமார் 600 முடிச்சுகள். ஒரு அக்குளில் மட்டும் ஏறக்குறைய 20 முதல் 30 வரை.

மார்பில் தோன்றும் புற்று முதலில் பரவுகிற இடம் பெரும்பாலும் அந்த அக்குள் முடிச்சுதான். ஆகவே டாக்டர் அவற்றை எடுக்கிறார். உயிரைக் காக்க எடுக்க வேண்டியதுதான். அதில் தவறு இல்லை. ஆனால் அந்தக் கையின் வடிகாலில் மடை அடைபட்டு விடுகிறது. கதிர் சிகிச்சையும் அந்த இடத்தை இறுக்கி விடும். அக்குள் முடிச்சுகளை முழுதாக எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. ஓரிரண்டு முடிச்சை மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் இருபதில் ஒருவருக்கு வரலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்தில் வரும். பல வருஷம் கழித்து வருவதும் உண்டு.

யானைக்கால் நோயிலும் அடைபடுவது இதே வடிகால்தான். அங்கே கொசு கொண்டு வந்த புழு கெடுக்கிறது. இங்கே கத்தியும் கதிரும். கொசு கடித்து இந்தக் கை வீங்கவில்லை. இது ஒட்டுவாரொட்டியும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம்.

நீவுதல் என்பது என்ன?

இதை முறையாக வகுத்தவர்களே ஒரு கணவனும் மனைவியும்தான். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடரும் அவர் மனைவி எஸ்ட்ரிட்டும் 1930களில் பிரான்ஸின் தென்கடற்கரையில் வேலை செய்தார்கள். ஓயாத சளியோடு வந்தவர்களின் கழுத்தில் நெறி கட்டியிருப்பதைப் பார்த்தார்கள். நெறியைத் தொடவே கூடாது என்று எல்லாரும் ஒதுங்கியிருந்த காலம் அது. அவர்கள் மிக மெல்லத் தோலை நகர்த்தும் ஒரு முறையை வகுத்து, 1936ல் பாரிஸில் வெளியிட்டார்கள். பின்னால் அது கை கால் வீக்க சிகிச்சையில் ஒரு பகுதியாயிற்று.

நம் ஊர் எண்ணெய்த் தேய்ப்புக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம். நிணநீரின் நுண்குழாய்கள் தோலுக்கு அடியிலேயே மெல்லியதாக ஓடுகின்றன. அழுத்தித் தேய்த்தால் அவை நசுங்கும். இரத்த ஓட்டம் கூடி இன்னும் நீர் கசியும். ஆகவே எண்ணெய் வேண்டாம், சூடும் வேண்டாம். உள்ளங்கையைத் தோலின் மேல் படிய வைத்து, தோலை மட்டும் மெதுவாக இழுத்து, பிறகு விட்டுவிட வேண்டும். கை வழுக்கக் கூடாது. தோல் சிவக்கக் கூடாது. வலிக்கவே கூடாது.

வரிசையும் முக்கியம். வயலில் தண்ணீர் வடிக்க முதலில் கடைமடையைத்தானே திறப்போம்? அதே மாதிரி வீங்கிய கையில் ஆரம்பிக்கக் கூடாது. பொதுவாகச் சொல்லித் தரும் வரிசை இது:

1. வயிறு உப்பும்படி ஐந்து தடவை நிதானமாக மூச்சு.
2. காறை எலும்புக்கு மேலே உள்ள கழுத்துக் குழி, இரு பக்கமும்.
3. நல்ல பக்கத்து அக்குள். பிறகு மார்பின் குறுக்கே, கெட்ட பக்கத்திலிருந்து நல்ல பக்கம் நோக்கி.
4. வீங்கிய பக்கத்துத் தொடை இடுக்கு. பிறகு விலாப்புறமாக, அக்குளிலிருந்து இடுப்பு நோக்கிக் கீழே.
5. அதன் பிறகே கை. முதலில் தோள் பக்கம், பிறகு முழங்கை, பிறகு முன்கை, கடைசியில் விரல்கள். எங்கே தொட்டாலும் நீரை மேல் நோக்கித்தான் நகர்த்த வேண்டும்.

ஒவ்வொரு இடத்திலும் ஐந்தாறு தடவை. மொத்தம் இருபது நிமிஷம் போதும். இதைத் தாளில் படித்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள். யாருக்கு எந்த வழியில் நீர் போகும் என்பதைப் பார்த்து பிஸியோதெரபிஸ்ட் ஒரு தடவையாவது கையைப் பிடித்துக் காட்ட வேண்டும். தம்பதியாகப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

நீவி முடித்ததும் டாக்டர் சொன்ன அழுத்தக் கட்டோ, அளவெடுத்த அழுத்த உறையோ போட வேண்டும். நீவுதல் தண்ணீரைத் தள்ளிவிடும். கட்டுதான் அது திரும்பி வராமல் கரை போட்டு நிறுத்தும். கரை போடாமல் இறைத்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

இனி எல்லாரும் கேட்கும் மூன்று கேள்விக்கு வருகிறேன். வலி போகுமா? பலம் வருமா? தொட்டால் தெரியுமா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

வலி

கனமும் இறுக்கமும் பலருக்குக் குறைகின்றன. 2015ல் பல ஆய்வுகளை ஒன்று சேர்த்து அலசிய காக்ரேன் ஆய்வுரை, இந்த நீவுதலால் ஆபத்தில்லை என்றும், அழுத்தக் கட்டோடு சேர்த்துச் செய்தால் வீக்கம் இன்னும் சற்றுக் குறையலாம் என்றும் சொன்னது. சற்று வீங்கியவர்களுக்கே பலன் அதிகம். வலியும் கனமும் குறைந்ததாகப் பத்துக்கு ஆறு முதல் எட்டுப் பெண்கள் சொன்னார்கள். ஆனால் நீவுதல் செய்யாமல் கட்டு மட்டும் போட்டவர்களும் அதே மாதிரிதான் சொன்னார்கள். ஆகவே நீவுதல் கட்டுக்குத் துணைதான். அதை மட்டும் நம்பிக் கட்டை விட்டுவிடக் கூடாது.

திடீரென்று ஏறும் வலி, இரவில் தூங்க விடாத வலி, நாளுக்கு நாள் கூடும் வலி இருந்தால் நீவ உட்காராதீர்கள். அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

பலம்

கையின் பலம் ஏன் போகிறது? வலிக்குப் பயந்து அசைக்காமல் வைப்பதால் தோள் இறுகுகிறது, தசை மெலிகிறது. "பாவம், ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது" என்று வீட்டாரும் சேர்ந்து அந்தக் கையை மூலையில் உட்கார வைத்து விடுகிறோம். நீவுவதால் தசை வளராது. வீக்கம் இறங்கிக் கை லேசானால் அசைக்க முடியும்; அசைத்தால்தான் பலம் வரும்.

முன்பு டாக்டர்களே கனம் தூக்காதே என்று சொல்லி வந்தார்கள். 2009ல் அமெரிக்காவில் கை வீங்கிய 141 பெண்களை வைத்து நடந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது. வாரம் இரண்டு நாள், அழுத்த உறை போட்டுக்கொண்டு, சிறு கனத்தில் ஆரம்பித்து மெல்ல மெல்லக் கூட்டிப் பயிற்சி செய்த பெண்களுக்கு ஒரு வருஷத்தில் வீக்கம் கூடவில்லை. கையின் பலம் கூடியது. வீக்கம் திடீரென்று மோசமாவதும் குறைந்தது.

நம் வீட்டில் எப்படிச் செய்வது? விரலைச் சுவரில் வைத்து எறும்பு ஊர்வது போல மேலே மேலே ஏற்றுங்கள். பழந்துணியைப் பந்தாகச் சுருட்டிப் பிடித்து விடுங்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ எடை. அதைத் தூக்கி இறக்குங்கள். வாரக் கணக்கில் மெல்லக் கூட்டுங்கள். கை கனத்தால் ஒரு படி இறங்குங்கள். ஒரே நாளில் நெல் மூட்டைக்குத் தாவாதீர்கள்.

தொடு உணர்வு

ஆபரேஷனுக்குப் பிறகு மேல்கையின் உட்பக்கமும் அக்குளும் மரத்துப் போனது போல இருக்கும். மார்புக்கூட்டிலிருந்து அக்குள் வழியாக அந்தத் தோலுக்கு வரும் ஒரு தொடு நரம்பு, முடிச்சை எடுக்கும்போது அறுபடலாம் அல்லது இழுபடலாம். அது தொடுகையை மட்டும் சொல்லும் நரம்பு. ஆகவே அதனால் கை விளங்காமல் போகாது. இழுபட்டது என்றால் மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வு திரும்பும். அறுபட்டது என்றால் ஒரு பகுதி என்றைக்கும் மரத்தே இருக்கலாம். அறுந்த நரம்பை எந்த நீவுதலும் ஒட்ட வைக்காது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

வீக்கத்தின் அழுத்தத்தால் தோல் விறைத்து உணர்வு மங்கியிருந்தால், வீக்கம் வடியும்போது அது தெளியலாம். சில மருந்துகளால் இரண்டு கை விரல்களும் பாதங்களும் மரப்பது வேறு விஷயம். அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். புதிதாக மரத்துப் போவதோ, கையில் பிடி தளர்வதோ இருந்தால் உடனே காட்ட வேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். மனைவி கண்ணை மூடிக்கொள்ளட்டும். கணவர் ஒரு கோழி இறகால் நல்ல கையையும் மற்றக் கையையும் மாற்றி மாற்றித் தொடட்டும். "தெரியுது", "தெரியல" என்று சொல்லச் சொல்ல, மரத்த இடத்தின் எல்லை புரிந்துவிடும். எதற்கு இது? அந்த இடத்தில் முள் குத்தினாலும், சோற்றுப் பானை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தெரியாத காயத்தில் சீழ் பிடித்தால், வடிகால் இல்லாத கையில் அது காட்டுத்தீ போலப் பரவும். மேல்கையின் பின்பக்கத்தை அவரால் பார்க்கவும் முடியாது. அங்கே கணவரின் கண்தான் அவருக்குத் தோல். இரவு விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எப்போது நீவக் கூடாது?

கை சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் நீவவே கூடாது. அது கிருமித் தொற்று. அக்கி என்று நினைத்துக் காவி பூசிக் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருந்தால், இதயக் கோளாறால் உடம்பு வீங்கியிருந்தால், கதிர் சிகிச்சையில் தோல் வெந்திருந்தால் கூடாது. புற்று சிகிச்சை இன்னும் முடியவில்லை என்றால் புற்று டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது.

கணவன்மாருக்கு ஒரு வார்த்தை

தம்பிமாரே, நான் வயதில் மூத்தவன், சொல்கிறேன். மார்பை எடுத்த பிறகு பல வீடுகளில் கணவனும் மனைவியும் தனித்தனியாகப் படுக்கிறார்கள். அவருக்கு வலிக்குமோ என்று இவருக்குப் பயம். இவருக்கு அருவருப்போ என்று அவருக்குச் சந்தேகம். இருவரும் பேசுவதில்லை. மாதங்கள் போய்விடுகின்றன.

நான் சொன்ன அந்த வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் மனைவியைத் தொட்டதே இல்லை. "டாக்டர் சொன்னதால முதல் நாள் தொட்டேங்க, என் கை நடுங்கிச்சு" என்றார். அந்தம்மா சொன்னது வேறு: "கை வீக்கம் அப்புறம்தாங்க வடிஞ்சுது. மனசு முதல் நாளே வடிஞ்சு போச்சு."

ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுக்குப் போனேன். கை பழைய அளவுக்கு முழுதாக வரவில்லை. வளையல் ஒரு அளவு பெரிதாகத்தான் போட்டிருந்தார். ஆனால் கனம் போயிருந்தது. கட்டுப் பிடித்து நாற்று நடப் போயிருக்கிறார். உட்கையில் ஒரு உள்ளங்கை அகலம் இன்னும் மரத்தே இருக்கிறது. "அந்த இடத்தை அவர் பார்த்துக்குவாரு" என்று சிரித்தார். முழுக் குணம் என்று நான் சொல்ல மாட்டேன். வாழ்கிறார்கள், சேர்ந்து வாழ்கிறார்கள்.

சில கேள்விகள்

கேள்வி: நீவினால் புற்று உடம்பெங்கும் பரவாதா?
பதில்: நீவுதலால் புற்று பரவுகிறது என்பதற்குச் சான்று இல்லை. ஆனாலும் தொடங்குமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீக்கம் ஆரம்பித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது?
பதில்: தையல் டேப்பால் மாதம் ஒரு தடவை இரண்டு கையையும் ஒரே இடங்களில் அளந்து எழுதி வையுங்கள். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே போதும். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு தடவை அளந்திருந்தால் நல்லது. இரண்டு கைக்கும் 2 செ.மீ. வித்தியாசம் வந்துவிட்டால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: டவுனுக்குப் போய் வர வசதி இல்லையே?
பதில்: 2021ல் தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேளுங்கள்.

மனதில் வைக்க வேண்டியவை

வளையல் இறுகினால் அன்றே கவனி.
அழுத்தித் தேய்க்காதே, தோலை மட்டும் நகர்த்து.
நீவிய பின் கட்டுப் போடு.
கையை மூலையில் உட்கார வைக்காதே, மெல்லப் பழக்கு.
மரத்த இடத்தைத் தினம் பார். வயலில் இறங்கும்போது முழுக்கை உடுப்பு, அடுப்படியில் துணி.
முடிந்தவரை ஊசியும் பி.பி. பார்ப்பதும் மறு கையில்.
சிவந்து காய்ந்தால் நீவாதே, ஆஸ்பத்திரிக்குப் போ.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் அப்படி ஒரு கையைத் துணியால் மறைத்துக்கொண்டு இருக்கும் பெண் யார் என்று யோசித்துப் பாருங்கள். அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, இங்கே கேட்டதை அவருக்கும் அவர் வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.